கோல்டன்ஐ 007 கணினியில்: முதலில் ஸ்டிக், அப்புறம்தான் படம்

நின்டெண்டோ 64 கன்சோலுக்காக ரேர் நிறுவனம் செய்த ஜேம்ஸ் பாண்ட் ஷூட்டர் (துப்பாக்கிச் சூட்டு) கேமான கோல்டன்ஐ 007, 1997 ஆகஸ்டில் வெளிவந்தது. இன்று அதைக் கணினியில் ஓட வைப்பது கடினமே இல்லை. எமுலேட்டரை, அதாவது பழைய கன்சோலைப் போல நடிக்கும் மென்பொருளைத் திறந்து கேமின் கோப்பைக் காட்டினால் கேம் தொடங்கிவிடும். ஆனால் ஓடுவது வேறு, விளையாட வருவது வேறு. ஓடவிட்டுப் பார்க்கிறவர்களில் பலர் கொஞ்ச நேரம் சுவரில் முட்டிக்கொண்டு, குறி எங்கெங்கோ தாவுவதைப் பார்த்துவிட்டு, பழைய கேம் இனி ஒத்துவராது என்று மூடிவிடுகிறார்கள். கேம் மீது பழி போடுவது நியாயமில்லை. அது எந்தக் கன்ட்ரோலருக்காகச் செதுக்கப்பட்டதோ அந்தக் கன்ட்ரோலர் நம் கையில் இல்லை, அதுதான் விஷயம். அதனால் படத்தைக் கூர்மையாக்குவதற்கு முன்பே கட்டுப்பாட்டைச் சரிசெய்து முடித்துவிட வேண்டும் என்று வைத்துக்கொண்டேன். இந்தப் பதிவில் பெரும்பகுதி அதைப் பற்றித்தான்.

முதலில் கோப்பு. சொந்தக் கார்ட்ரிட்ஜிலிருந்தே எடுத்தேன். யூஎஸ்பியில் இணையும் கார்ட்ரிட்ஜ் ரீடர்கள் கிடைக்கின்றன. ஆர்டுயினோ போர்டை வைத்து நாமே செய்துகொள்ளக்கூடிய திறந்த மூல வடிவமைப்பும் உண்டு. கார்ட்ரிட்ஜின் அடியிலுள்ள காண்டாக்ட்களை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக் குச்சியால் துடைத்து, நன்றாக உலரவிட்ட பிறகுதான் ரீடரில் செருகினேன். இந்தக் கேம் 96 மெகாபிட், அதாவது 12 மெகாபைட். எடுத்த கோப்பு 1,25,82,912 பைட் இருக்கிறதா என்பது முதல் சோதனை. மறுபடி ஒரு பிரதி எடுத்து, இரண்டின் ஹாஷும் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும், கைரேகை போன்ற எண்) ஒன்றாக வருகிறதா என்பது அடுத்தது. காண்டாக்டில் அழுக்கு மிச்சமிருந்தால் இங்கே மாட்டிக்கொள்ளும்.

கோப்பை ஹெக்ஸ் எடிட்டரில் (பைட்டுகளைப் பதினாறடிமான எண்களாகக் காட்டும் கருவி) திறந்து தலைப்பகுதியையும் பார்த்துவிடுவது நல்லது. முதல் நான்கு பைட்டுகள் 80 37 12 40 என்று இருந்தால் அது இசட்64 வரிசை, கன்சோல் படிக்கும் அதே வரிசை. 37 80 40 12 என்றால் வி64. 40 12 37 80 என்றால் என்64. இன்றைய எமுலேட்டர்கள் மூன்றையும் தாமே திருப்பிப் படித்துக்கொள்ளும். ஆனாலும் பேட்ச் (கேம் கோப்பில் செய்யும் சிறு மாற்றம்) போடும் கருவிகள் பெரும்பாலும் இசட்64-ஐத்தான் எதிர்பார்க்கும் என்பதால் அந்த வடிவிலேயே சேமித்தேன். ஹெக்ஸ் 20-இல் தொடங்கிக் கேமின் பெயர் தெரியும். 3பி-யில் தொடங்கும் நான்கெழுத்துக் குறியீடு அமெரிக்கப் பதிப்புக்கு என்ஜிஇஇ, ஐரோப்பியப் பதிப்புக்கு என்ஜிஇபி. ஐரோப்பியப் பதிப்பு 50 ஹெர்ட்ஸ் தொலைக்காட்சிக்கானது. கணினித் திரைக்கு 60 ஹெர்ட்ஸ் அமெரிக்கப் பதிப்புதான் வசதி.

எமுலேட்டருக்கு மியூபென்64பிளஸ் என்ற எமுலேட்டர் மையத்தின் மேல் கட்டப்பட்ட ஆர்எம்ஜியை எடுத்துக்கொண்டேன். புராஜெக்ட்64, ஏரிஸ் இரண்டிலும் இந்தக் கேம் நன்றாகவே ஓடுகிறது. ஆரம்பகால எமுலேட்டர்கள் இதில் தடுமாறியதற்கு ஒரு காரணம் உண்டு. கோல்டன்ஐ தன் நிரலின் பெரும்பகுதியை டிஎல்பி (மெய்நிகர் முகவரியை உண்மையான நினைவக முகவரியாக மாற்றும் சிபியுப் பகுதி) வழியாக மெய்நிகர் முகவரிகளில் வைத்து ஓட்டுகிறது. நினைவகம் 4 மெகாபைட்தான் என்ற நிலையில் இடத்தை மிச்சம்பிடிக்கச் செய்த ஏற்பாடு அது. மற்ற கேம்கள் அதிகம் தொடாத அந்த வசதியை எமுலேட்டர்களும் அப்போது சரியாகக் கவனிக்கவில்லை. இப்போது அந்தச் சிக்கல் தீர்ந்துவிட்டது.

சரி, ஸ்டிக்குக்கு வருவோம்.

நின்டெண்டோ 64 கன்ட்ரோலரில் ஒரே ஒரு அனலாக் ஸ்டிக்தான். அது நடுப்பிடியில் இருக்கும், அதன் பின்புறம் இசட் டிரிக்கர், வலப்பக்கம் மஞ்சள் நிறத்தில் நான்கு சி பட்டன்கள். ஸ்டிக்கின் உள்ளே இருப்பது இன்றைய கன்ட்ரோலர்களில் பரவலாக உள்ள பொட்டென்ஷியோமீட்டர் (சுழற்றினால் மின்தடை மாறும் உறுப்பு) கிடையாது. துளையிட்ட சிறு சக்கரங்கள் சுழல, ஒளி உணரிகள் அதை எண்ணுகின்றன. கன்சோலை இயக்கும் நொடியில் ஸ்டிக் எங்கே இருக்கிறதோ அதுவே நடுப்புள்ளி. ஒவ்வொரு அச்சிலும் மதிப்பு ஒரு பைட்டில் போகிறது. எழுத்தளவில் எல்லை 127 வரை உண்டு. ஆனால் ஸ்டிக்கைச் சுற்றியுள்ள எட்டுமூலைச் சட்டம் தடுப்பதால் உண்மையில் எட்டுவது 80-ஐ ஒட்டிய எண்தான். கேமைச் செய்தவர்கள் இந்த 80-ஐ மனதில் வைத்துத்தான் திரும்பும் வேகத்தையும் குறியின் நகர்வையும் அமைத்திருக்கிறார்கள்.

புதுக் கன்ட்ரோலரைச் செருகினால் என்ன ஆகிறது? அதன் ஸ்டிக் முழுதாகச் சாய்ந்தால் எமுலேட்டர் அதை 127 என்று அனுப்பும்படி அமைப்பு இருக்கலாம். அப்போது பாதித் தூரத்தைச் சற்றுத் தாண்டியதுமே கேமுக்கு அது முழுச் சாய்வாகத் தெரியும். மெதுவாகத் திரும்ப நமக்குக் கிடைக்கும் இடம் சுருங்கிவிடும். கேம் படபடக்கிறது, குறி நிற்கவில்லை என்று வரும் புகார்களில் பெரும்பாலானவை இங்கேதான் பிறக்கின்றன என்பது என் கருத்து. எமுலேட்டரின் இன்புட் பகுதியில் இதற்கென்று ஓர் அமைப்பு இருக்கும், சிலவற்றில் ரேஞ்ச், சிலவற்றில் சென்சிட்டிவிட்டி என்ற பெயரில். அதை 66 சதவீதத்தில் வைத்தேன். 127-இல் 66 சதவீதம் 84-ஐ ஒட்டி வரும். ஒரிஜினல் ஸ்டிக்கின் எட்டும் தூரமும் அதுதான். டெட்ஸோனை (சிறு அசைவைப் பொருட்படுத்தாத, ஸ்டிக்கின் நடுப்பகுதி), கையை எடுத்த பிறகு பார்வை தானாக நகராத அளவுக்கு மட்டும் குறைந்தபட்சமாக வைத்தேன். டெட்ஸோன் பெரிதானால் நுணுக்கமாகக் குறிபார்ப்பது போய்விடும்.

சரியாக அமைந்ததா என்று சோதிக்கக் கேமே ஒரு வழி தருகிறது. ஆர் பட்டனை அழுத்திப் பிடித்தால் குறி திரையில் தனியாக உலவும். ஸ்டிக் எவ்வளவு சாய்ந்திருக்கிறதோ அந்த இடத்தில் குறி நிற்கும், ஸ்டிக்கை விட்டால் நடுவுக்குத் திரும்பும். விளிம்பை எட்டியபோதுதான் பார்வை திரும்பத் தொடங்கும். இதைவிட நல்ல அளவுகோல் கிடையாது. ஸ்டிக்கை மெல்லச் சாய்த்துக்கொண்டே போங்கள். முழுச் சாய்வை நெருங்கும்போது குறி விளிம்பைத் தொட்டால் ரேஞ்ச் சரி. கொஞ்சம் அசைத்ததுமே விளிம்புக்குப் பாய்ந்தால் ரேஞ்ச் அதிகம். எவ்வளவு சாய்த்தாலும் விளிம்பை எட்டவே இல்லையென்றால் குறைவு. முதல் கட்டமான அணையில், தொடக்கத்திலேயே வரும் காவல் கோபுரத்தின் மேல் ஸ்னைப்பர் துப்பாக்கி இருக்கிறது. அதை எடுத்து ஜூம் செய்து, தூரத்திலிருக்கும் காவலாளியின் தொப்பியில் குறியை நிறுத்திப் பார்த்தேன். நடுங்காமல் நின்றது. அந்த இடத்தில் நிற்கிறதென்றால் எந்த இடத்திலும் நிற்கும்.

அடுத்து பட்டன் அமைப்பு. கோல்டன்ஐயில் எட்டுக் கட்டுப்பாட்டு முறைகள் உள்ளன. 1.1 முதல் 1.4 வரை ஒரு கன்ட்ரோலருக்கு. 2.1 முதல் 2.4 வரை ஒரே ஆட்டக்காரர் இரண்டு கன்ட்ரோலர்களைக் கையில் பிடித்து ஆடுவதற்கு. இரட்டை ஸ்டிக் என்பது கன்சோல்களில் வழக்கமாவதற்கு முன்பே இதை யோசித்து வைத்திருக்கிறார்கள் என்பது எனக்கு இன்றும் வியப்புதான். இயல்பாக வருவது 1.1, ஹனி என்று பெயர். அதில் ஸ்டிக்கை முன்னே தள்ளினால் நடை, பக்கவாட்டில் தள்ளினால் திரும்பல். பக்கவாட்டு நடையும் மேலும் கீழும் பார்ப்பதும் சி பட்டன்களில். இன்று ஷூட்டர் ஆடிப் பழகிய விரல்களுக்கு இது சுத்தமாக ஒத்துவராது.

1.2, அதாவது சாலிட்டேர், இதற்கு நேரெதிர். ஸ்டிக் முழுக்கப் பார்வைக்கு, நான்கு சி பட்டன்களும் நடைக்கு. நமக்குத் தேவையானது இதுதான். ஆனால் எமுலேட்டரில் வழக்கமாக இடது ஸ்டிக் ஒரிஜினல் ஸ்டிக்காகவும் வலது ஸ்டிக் சி பட்டன்களாகவும் இருக்கும். அப்படியே விட்டால் இடது கையால் பார்த்து வலது கையால் நடக்க வேண்டிவரும். ஆகவே மாற்றிப் பொருத்தினேன். ஒரிஜினல் ஸ்டிக்கை வலது ஸ்டிக்கிலும், நான்கு சி பட்டன்களை இடது ஸ்டிக்கின் நான்கு திசைகளிலும் வைத்தேன். இசட் வலது டிரிக்கருக்கு, ஆர் இடது டிரிக்கருக்கு. கதவு திறக்கவும் தோட்டா நிரப்பவும் பி, ஆயுதம் மாற்ற ஏ. இப்போது கையில் இருப்பது இன்றைய ஷூட்டரின் அமைப்பேதான். ஒரு விஷயம் மட்டும் பழக வேண்டும். மெனுவில் குறியை நகர்த்துவதும் வலது ஸ்டிக்தான், இடதை அசைத்தால் ஒன்றும் நடக்காது.

இதில் ஓர் இழப்பு உண்டு, ஓர் ஆதாயமும் உண்டு. சி பட்டன்கள் அழுத்தினால் அழுத்தியது, விட்டால் விட்டது. அதனால் மெல்ல நடப்பது போய்விடுகிறது. ஆதாயம், மூலைவாட்டில் ஓடும்போது. இந்தக் கேமில் முன்னே போகும் வேகமும் பக்கவாட்டு வேகமும் ஒன்றோடொன்று சேர்ந்துகொள்ளும். நேராக ஓடுவதைவிட, உடம்பைச் சற்றுத் திருப்பி முன்னும் பக்கமும் சேர்த்து அழுத்தி ஓடினால் வேகம் கூடும். நேரத்தை முறியடிக்க ஆடுகிறவர்கள் கட்டம் முழுக்க இப்படித்தான் ஓடுவார்கள். சி பட்டன்களில் இது அலுங்காமல் வருகிறது.

கேமுக்குள் இடைநிறுத்தினால் வரும் கைக்கடிகார மெனுவில் இன்னும் சில வேலைகள். மேலே தள்ளினால் கீழே பார்க்கும் தலைகீழ் முறைதான் இயல்பாக இருக்கும். பழக்கமில்லாதவர்கள் அதை நேராக்கிக்கொள்ள வேண்டும். கன்ட்ரோலரில் ஆடினால் ஆட்டோ எயிமை (எதிரியை நோக்கித் தானே குறிபார்க்கும் வசதி) நிறுத்தாதீர்கள் என்பேன். கேமின் கடினம் முழுவதும் அது இருக்கிறது என்ற கணக்கில் அமைந்தது. நடக்கும்போது சரியாகக் குறிபார்க்க ஒரே ஸ்டிக்கால் முடியாது என்று தெரிந்துதான் அதை வைத்திருக்கிறார்கள்.

மவுஸைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லோரும் முதலில் முயல்வது அதைத்தான். மவுஸின் அசைவை ஸ்டிக்கின் சாய்வாக மாற்றிக் கொடுத்தால் உருப்படியாக எதுவும் வராது. காரணம் எளிது. ஸ்டிக் சொல்வது வேகத்தை: இவ்வளவு சாய்ந்திருக்கிறேன், இவ்வளவு வேகமாகத் திருப்பு. மவுஸ் சொல்வது தூரத்தை: இவ்வளவு நகர்ந்தேன், இவ்வளவு திருப்பு. ஒன்றை மற்றொன்றின் வாயால் பேச வைத்தால் பார்வை பின்தங்கும், சறுக்கும், வேகமான அசைவுகள் அப்படியே விழுங்கப்படும். எவ்வளவு அமைப்பு மாற்றினாலும் இது தீராது, ஸ்டிக்குக்கென ஓர் உச்ச வேகம் கேமுக்குள்ளேயே இருப்பதால்.

இதற்குச் சரியான விடை மவுஸ் இன்ஜெக்டர் என்ற கருவி. 1964 என்ற பழைய எமுலேட்டரின், கோல்டன்ஐ, ரேரின் இன்னொரு ஷூட்டரான பெர்ஃபெக்ட் டார்க் இரண்டுக்குமான சிறப்புப் பதிப்போடு இது வருகிறது. அது ஸ்டிக்கைத் தொடுவதே இல்லை. கேம் ஓடும்போது ஆட்டக்காரரின் பார்வைக் கோணம் நினைவகத்தில் எந்த இடத்தில் இருக்கிறது என்று அதற்குத் தெரியும். மவுஸ் நகர்ந்த அளவை எடுத்து அந்தக் கோணத்திலேயே நேராக எழுதிவிடுகிறது. அதனால் திரும்பும் வேகத்துக்கு உச்சவரம்பு கிடையாது, பின்தங்கலும் கிடையாது. கூடவே அந்தப் பதிப்பு எமுலேட்டரின் சிபியுவை ஓவர்கிளாக் செய்வதால், அதாவது இயல்பைவிட வேகமாக ஓட்டுவதால், நொடிக்கு 60 ஃபிரேம் வரை போகிறது. டபிள்யூ, ஏ, எஸ், டி விசைகளில் நடந்து, மவுஸில் பார்த்து ஆடும்போது கணினிக்கென்றே எழுதிய ஷூட்டர் மாதிரிதான் இருக்கிறது.

அது அருமையான கருவி, செய்தவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனாலும் என் முதல் தேர்வு கன்ட்ரோலர்தான். மவுஸ் வந்ததும் காவலாளிகளின் தயக்கம், சுடுவதற்கு முன் உருண்டு எழும் அந்த இடைவெளி எல்லாம் அர்த்தமிழந்துவிடுகின்றன. ஸ்டிக்கால் மெதுவாகக் குறிபார்க்கிறவருக்கு மூச்சுவிட நேரம் தருவதற்காக வைத்தவை அவை. எளிய நிலையான ஏஜென்டில் மவுஸோடு ஆடினால் எதிர்ப்பே இருக்காது. மவுஸ்தான் வேண்டும் என்பவர்கள் ஆட்டோ எயிமை நிறுத்திவிட்டு, கடினமான 00 ஏஜென்ட் நிலையில் தொடங்குங்கள். அப்போது மறுபடி ஒரு சமநிலை கிடைக்கும்.

கட்டுப்பாடு முடிந்தது. இனி படம்.

இங்கே இரண்டு வழிகள். முதலாவது, கேம் கேட்கும் வேலையை மேலோட்டமாகப் புரிந்துகொண்டு இன்றைய கிராஃபிக்ஸ் கார்டின் பாணியில் வரைவது. கிளைடென்64 இந்த வகை. எளிய கணினியிலும் வேகமாக ஓடும். இரண்டாவது, கன்சோலின் வரையும் சில்லு செய்ததை அடிமட்டத்திலிருந்து அப்படியே செய்வது. ஆங்க்ரிலயன் அதைச் சிபியுவில் செய்கிறது. பேரலல் ஆர்டிபி அதே வேலையை வல்கன் என்ற கிராஃபிக்ஸ் இடைமுகம் வழியாகக் கிராஃபிக்ஸ் கார்டில் செய்கிறது. கோல்டன்ஐக்கு இரண்டாவது வழியைத்தான் பரிந்துரைப்பேன். முதல் வகையைச் சேர்ந்த பழைய பிளகின்களில் (எமுலேட்டரோடு சேரும் துணை மென்பொருள்கள்) இந்தக் கேமின் வானமே தெரியாது. மற்ற எல்லாவற்றையும் வழக்கமான பாதையில் அனுப்பும் கேம், வானத்தை மட்டும் வரையும் சில்லுக்கு நேரடிக் கட்டளைகளாக அனுப்புகிறது. சுவரில் சுட்டால் விழும் தோட்டா ஓட்டைகள் மினுங்குவது, மறைவது எல்லாம் முதல் வழியின் இன்னொரு பழைய தொல்லை. பேரலல் ஆர்டிபியில் இரண்டும் சரியாக வந்தன. வானத்துக்குப் பனி படர்ந்த சர்ஃபேஸ் கட்டத்தையும், ஓட்டைக்கு எந்தச் சுவரையும் சோதனைக் களமாக வைத்துக்கொள்ளலாம்.

பேரலல் ஆர்டிபியில் தெளிவை 2, 4, 8 மடங்கு உயர்த்தலாம். 4 மடங்குக்கு மேல் எனக்குப் பிடிக்கவில்லை. டெக்ஸ்சருக்கு (பரப்புகளின் மேல் ஒட்டும் படம்) அந்தச் சில்லில் இருந்த நினைவகம் 4 கிலோபைட்தான். அவ்வளவு சின்னத் துண்டுகளை வைத்துக்கொண்டு ஓரங்களை மட்டும் கத்தி போலத் தீட்டினால் சுவர்களின் மங்கல்தான் கண்ணைக் குத்துகிறது. அந்தச் சில்லின் டெக்ஸ்சர் ஃபில்டரும் தனி ரகம். வழக்கமான நான்கு புள்ளிகளுக்குப் பதிலாக மூன்றை மட்டும் எடுத்துக் கலக்கும். பனியிலும் பாறையிலும் தெரியும் அந்தச் சாய்கோட்டுச் சொரசொரப்பு அதிலிருந்து வருவது. அதை இழக்க எனக்கு மனமில்லை.

அகலத் திரைக்கு ஹேக் எதுவும் தேவையில்லை என்பது பலர் கவனிக்காத விஷயம். கைக்கடிகார மெனுவிலேயே ரேஷியோ என்ற இடத்தில் 16:9 இருக்கிறது. 1997-இலேயே வைத்திருக்கிறார்கள்! அதைத் தேர்ந்தால் காட்சி பக்கவாட்டில் நெருக்கி வரையப்படும். எமுலேட்டரில் படத்தை 16:9-க்கு இழுக்கச் சொன்னால் நெருக்கம் நீங்கி, இரு பக்கமும் கூடுதலாகத் தெரியும் உண்மையான அகலப் படம் கிடைக்கும்.

வேகத்தில் ஒரே ஓர் அமைப்பைத்தான் தொட்டேன். ஒரிஜினல் கன்சோலில் 93.75 மெகாஹெர்ட்ஸ் சிபியுவும் 62.5 மெகாஹெர்ட்ஸ் துணைச் சில்லும் இந்தக் கேமைத் தூக்க முடியாமல் தூக்கின. வெடிப்புகள் வந்தால் ஃபிரேம்கள் சரசரவென்று இறங்கும். வரைய வேண்டியது குறைந்தால் கேம் இலகுவாகும் என்பதால், நேரம் முறியடிப்பவர்கள் தரையைப் பார்த்துக்கொண்டே ஓடுவது வழக்கம். எமுலேட்டரில் வரையும் சில்லுக்கு ஆகும் நேரம் பெரும்பாலும் கணக்கில் சேர்வதில்லை, ஆகவே பாதிச் சுமை தானாகவே போய்விடுகிறது. மீதிக்கு, மியூபென்64பிளஸில் கவுன்ட் பெர் ஆப் என்ற எண்ணை 2-இலிருந்து 1 ஆக்கினேன். ஒவ்வொரு கட்டளைக்கும் ஆகும் நேரம் பாதி என்று கேமை நம்ப வைப்பது அது. ஓட்டம் நன்றாகவே சீரானது. இப்படி ஆடி எடுத்த நேரத்தை ஒரிஜினல் கன்சோலில் எடுத்த நேரத்தோடு ஒப்பிட முடியாது. ஃபெசிலிட்டி என்ற கட்டத்தை 00 ஏஜென்ட் நிலையில் 2:05-க்குள் முடித்தால் கிடைக்கும் சாகாவரச் சலுகை அங்கே எவ்வளவு கடினம் என்று தெரிந்தவர்களுக்கு இந்த வித்தியாசம் புரியும்.

இந்தக் கேமுக்குள்ளேயே ஓர் எமுலேட்டர் ஒளிந்திருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ரேரின் முன்னோடி நிறுவனம் இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் கணினிக்காகச் செய்த பத்து கேம்களை நின்டெண்டோ 64-இல் ஓட்ட முடியுமா என்று உள்ளே ஒரு சோதனை நடந்திருக்கிறது. வெளியீட்டுக்கு முன் அதை முடக்கினார்கள், ஆனால் நீக்கவில்லை. 2012-இல் அதை எழுப்பும் பேட்ச் வந்தது. எமுலேட்டருக்குள் எமுலேட்டர் ஓடுவதைப் பார்க்க விரும்புகிறவர்கள் கோப்பின் ஒரு நகலில் அதைப் போட்டுப் பாருங்கள்.

கடைசியாக, சேமிப்பு. கார்ட்ரிட்ஜில் இருப்பது 4 கிலோபிட் ஈப்ராம் (மின்சாரம் நின்றாலும் அழியாத நினைவகம்), வெறும் 512 பைட். நான்கு கோப்புறைகளின் முன்னேற்றமும் அதற்குள் அடங்குகிறது. எமுலேட்டர் அதைத் தனிக் கோப்பாக வைக்கும். பிரதி எடுக்க வேண்டியது அதைத்தான். சேவ் ஸ்டேட் ஒரு கட்டத்தின் நடுவே நிறுத்த உதவும், ஆனால் ஓர் எமுலேட்டரின் ஸ்டேட் இன்னொன்றில் திறக்காது, அதே எமுலேட்டரின் புதிய பதிப்பில்கூடத் திறக்காமல் போகலாம். ஈப்ராம் கோப்போ பெரும்பாலும் எல்லாவற்றுக்கும் பொது. அதிலிருக்கும் முன்னேற்றத்தைக் கார்ட்ரிட்ஜ் ரீடர் வழியாக ஒரிஜினல் கார்ட்ரிட்ஜுக்கே திருப்பி எழுதவும் முடியும்.

அடுத்து பெர்ஃபெக்ட் டார்க். 2000-இல் வந்த அந்தக் கேம் 32 மெகாபைட். பெரும்பகுதியை ஆட, கன்சோலுக்குக் கூடுதல் நினைவகம் தரும் எக்ஸ்பான்ஷன் பேக் வேண்டும், ஆகவே எமுலேட்டரில் நினைவகத்தை 8 மெகாபைட்டாக வைக்க வேண்டும். ஈப்ராமும் 16 கிலோபிட். அதனால் தனி அமைப்பு ஒன்றை உருவாக்கி, 66 சதவீத ரேஞ்ச், மாற்றிய ஸ்டிக்குகள், 1.2 முறை மூன்றையும் மட்டும் இங்கிருந்து எடுத்துச் செல்கிறேன்.